பொறுப்பாளரின் ரோட் ரெஸ்ற்

அந்தப் பிறந்தநாள் யாருடையது என்று எனக்கு இன்றைக்கும் சரியாகத் தெரியாது. கணவரோடு வேலை செய்கிறவரின் பிள்ளைக்கு ஒரு வயது என்று நினைக்கிறேன். பிள்ளை வந்த நேரத்திலிருந்து அழுதுகொண்டிருந்தது. ரொறன்ரோ, வெக்ஸ்போர்ட்டில் எங்கள் அடுக்குமாடிக்குப் பக்கத்து மண்டபம். பலூன் வளைவு, புகை கக்கும் மெஷின், கல்யாண வீட்டு அளவுக்குக் கேக். எங்கள் மேசையில் வழக்கம்போல ஒரு அங்கிள் யுத்தம் நடத்திக்கொண்டிருந்தார்.

ரொறன்ரோவில் எந்த மண்டபத்துக்குப் போனாலும் இப்படி ஒருவர் இருப்பார். கோக் போத்தல் ஒரு முகாம், கைதுடைக்கிற ரிஷ்யூப் பெட்டி இன்னொரு முகாம். கட்லெட்டுகளை அங்குமிங்கும் நகர்த்தி, ஊர்ச் சண்டையில் எங்கே பிழை விட்டோம் என்று விளக்குவார். இந்த அங்கிளும், "அண்டைக்கு நாங்கள் இடப்பக்கத்தால உள்ளிட்டிருக்கவேணும். உதுதான் நாங்கள் விட்ட பிழை" என்று சொல்லி ஒரு கட்லெட்டைக் கோக் போத்தலுக்குப் பின்னால் தள்ளினார்.

எனக்கு அந்த இடப்பக்கம் தெரியும். இடுப்பளவு சேறு. ஆனால் நான் மட்டன் ரோல் சாப்பிட்டுக்கொண்டிருந்தபடியால் வாயைத் திறக்கவில்லை. வருடக்கணக்காக இப்படித்தான். நான் முன்பு யாராக இருந்தேன் என்று தெரியவேண்டியவர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்கு நான் மஞ்சள் ஸ்கூல் பஸ் ஓட்டுகிற, கொஞ்சம் குண்டான, சத்தமாகச் சிரிக்கிற ஒரு மனிசி.

அப்போது என் முதுகுக்குப் பின்னால் ஒரு குரல் கேட்டது.

"அண்ணை அண்டைக்கு எவடத்தில நிண்டனீங்கள்?"

அங்கிள் நிமிர்ந்தார். "நானோ? நான் அப்பவே இஞ்ச வந்திட்டன். சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடியில இருந்தனான்."

"எத்தினையாம் மாடி?"

"பதினெட்டு."

"நல்ல உயரம். அங்கயிருந்து இடப்பக்கம் வடிவாத் தெரிஞ்சிருக்கும்."

மேசை முழுக்கச் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. நான் எழுந்து நின்றுகொண்டிருந்தேன். எப்போது எழுந்தேன் என்று தெரியவில்லை. கையில் பாதி ரோல், வாயில் மீதி, குதிக்கால்கள் இரண்டும் ஒட்டி, முதுகு நேராக. என் கணவர் அண்ணாந்து பார்த்து, "என்னப்பா, வெளிக்கிடுவமோ?" என்றார்.

திரும்பிப் பார்த்தேன். நரைத்த தலை, நீலச் சேலை, சேலைக்குக் கீழே வெள்ளைச் சப்பாத்து. எங்கள் முகாம் பொறுப்பாளர் அக்கா.

"முதல்ல ரோலை விழுங்கு. பிறகு கதை" என்றார்.

விழுங்கினேன். இப்போது ரொறன்ரோவுக்குப் பக்கத்து மார்க்கம் நகரில் தங்கச்சி குடும்பத்தோடு இருப்பதாகச் சொன்னார். அது பெரிய வீடாம், ஆனால் ஒரு இறாத்தல் பாண் வாங்குவதென்றாலும் கார் வேண்டுமாம். லைசன்ஸ் எடுக்க ஓட்டிக் காட்டுகிற ரோட் ரெஸ்ற் இரண்டு தரம் பெயில். என்னைப் பார்த்து, "நீ என்ன செய்யிறாய்?" என்றார்.

"ஸ்கூல் பஸ் ஓடுறன் அக்கா."

"பிள்ளையளை ஏத்தியோ?"

"ஓம் அக்கா."

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "உனக்கு ஆர் லைசன்ஸ் தந்தது?"

அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. அதை விளங்கிக்கொள்ள வேண்டுமென்றால் கொஞ்சம் பின்னுக்குப் போகவேண்டும்.

நான் இயக்கத்துக்குப் போனபோது எனக்குப் பத்தொன்பது வயது. ஏன் போனாய் என்று கேட்பவர்களுக்கு ஆளுக்கேற்ற மாதிரிப் பதில் வைத்திருக்கிறேன். மேடைக்காரருக்கு ஒன்று, வெள்ளைக்காரருக்கு ஒன்று, என் மகளுக்கு ஒன்று. எல்லாம் உண்மைதான். எங்கள் பள்ளிக்கூடத்துக்குக் குண்டு போட்டார்கள், என்னோடு ஒரே வாங்கில் இருந்தவள் செத்துப்போனாள். அதே மாதம் என் இரசாயனப் பரீட்சை முடிவும் வந்தது. இரண்டில் எது என்னைக் கூடுதலாகத் தள்ளியது என்று அப்போதும் தெரியாது, இப்போதும் தெரியாது.

வன்னிக் காட்டுக்குள் இருந்த பயிற்சி முகாமுக்கு நான் ஒரு தோள்பையோடு போய் இறங்கினேன். பைக்குள் இரண்டு நைற்றி, ஒரு துவாய், தலைக்குக் குத்துகிற கிளிப், ஒரு டின் பவுடர். அக்கா மேசையில் எல்லாவற்றையும் கொட்டிப் பார்த்தார். அப்போது அவருக்கு முப்பது வயது இருக்கும். ஒல்லியான உடம்பு. சத்தம் போட்டுக் கதைக்கவே மாட்டார். அதுதான் பயமாக இருக்கும்.

பவுடர் டின்னைத் தூக்கி, "இது ஆமிக்குப் பூசவோ?" என்று கேட்டார்.

நான் ஏதோ நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தேன். அன்றைக்கே மைதானத்தைச் சுற்றி ஓடத் தொடங்கினேன். அந்தப் பவுடர் பிறகு முகாம் முழுக்க வேர்க்குருவுக்குப் பயன்பட்டது. எனக்கு ஒரு சிட்டிகைகூடக் கிடைக்கவில்லை.

புதிதாக வந்தவர்களுக்கு உண்மையான, சுடுகிற துவக்குத் தரமாட்டார்கள். துவக்கு மாதிரிச் செதுக்கிய ஒரு மரக்கட்டை தருவார்கள். அதோடுதான் சாப்பாடு, அதோடுதான் நித்திரை, மலசலகூடத்துக்குப் போனாலும் அது தோளில் இருக்கவேண்டும். கட்டையைத் தொலைப்பது உயிரைத் தொலைப்பதற்குச் சமம் என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். நான் ஒரு நாள் தேத்தண்ணி வாங்கப் போன இடத்தில் அதைச் சமையல் கொட்டில் சுவரில் சாத்திவிட்டு வந்துவிட்டேன். திரும்பிப் போய்ப் பார்த்தபோது அது அடுப்புக்குள் எரிந்துகொண்டிருந்தது.

அன்று சமையல் முறை ஒரு மன்னார்க்காரியுடையது. சுருட்டைத் தலை, அதனால் நாங்கள் சுருட்டை என்போம். பெரிய பல், கழுத்தில் கறுப்பு நூலில் ஒரு சின்னச் சிலுவை. மச்சானைக் கட்டச் சொல்லி வீட்டில் கரைச்சல் கொடுத்ததால் இயக்கத்துக்கு வந்தவள். அதை ஒளிக்கவும் மாட்டாள். "மச்சானை விட ஆமி பரவாயில்லை" என்பாள்.

"காய்ஞ்ச கட்டையா இருந்துது. நல்ல வடிவா எரியுது" என்று என்னிடம் பெருமையாகச் சொன்னாள்.

விசாரணை நடந்தது. அக்கா இரண்டு பேரையும் நிறுத்தி வைத்து, துவக்கை விட்டது ஒருத்தி, துவக்கில் தேத்தண்ணி வைத்தது இன்னொருத்தி, இரண்டு பேரும் சேர்ந்தால் ஆமிக்கு வேலையே இருக்காது என்றார். முதிரை மரக் குற்றி ஒன்றைக் காட்டி, இரண்டு பேரும் அதைத் தூக்கிக்கொண்டு திரியவேண்டும் என்றார். முன்பக்கம் அவள், பின்பக்கம் நான். ஒருத்தி குளிக்கப் போனால் மற்றவளும் போகவேண்டும். குற்றியை இறக்கச் சொன்ன நாளில் எங்கள் தோள்கள் தோலுரிந்து கிடந்தன. அதற்குப் பிறகு சுருட்டையும் நானும் குற்றி இல்லாமலே ஒன்றாகத் திரிந்தோம்.

முகாம் வாழ்க்கை பற்றி எழுதுகிறவர்கள் வீரம், தியாகம் என்று தொடங்குவார்கள். நான் உண்ணியிலிருந்து தொடங்குவேன். வன்னிக் காட்டு உண்ணி எந்த இடத்தில் கடிக்கும் என்று பொதுவில் எழுத முடியாது. அடுத்தது பருப்பு. காலையில் பருப்பு, மத்தியானம் பருப்பு, இரவுக்குப் பருப்பு போல ஒன்று. அடுத்தது அரசியல் வகுப்பு. ஒரு அண்ணன் வந்து ஏதோவொரு கண்டத்தில் ஏதோவொரு மக்கள் எப்படி விடுதலை பெற்றார்கள் என்று மணிக்கணக்காக விளக்குவார். அந்த வகுப்பில்தான் நான் கண்ணைத் திறந்துகொண்டு நித்திரை கொள்ளப் பழகினேன். இயக்கத்தில் கற்றதில் கனடாவில் எனக்கு உண்மையாக உதவியது அது ஒன்றுதான். பள்ளிக்கூடப் பெற்றோர் கூட்டங்களில் என்னைப்போல் கவனமாக இருப்பவர் இல்லை என்று மகளின் ரீச்சரே சொல்லியிருக்கிறார்.

அக்கா வகுப்பில் பின்வரிசையில் இருப்பார். ஒருநாள் சுருட்டை குறட்டையே விட்டுவிட்டாள். அக்கா அவள் காதுக்குக் கிட்டக் குனிந்து, "நாடு கிடைச்சிட்டுது, எழும்பு" என்றார்.

சரி, கார். தனக்கு ஓட்டப் பழக்குவது நான்தான் என்று அக்கா மண்டபத்திலேயே முடிவெடுத்துவிட்டார்.

பிறந்தநாளுக்குப் பிறகு வந்த செவ்வாய்க்கிழமை மத்தியானம் முதல் பாடம். காலைப் பிள்ளைகளை இறக்கியபின் பின்னேரம் வரைக்கும் எனக்கு வேலை இல்லை. ஒரு பிளாசாவுக்குப் பின்னால், கடைக்காரர் பெட்டிகள் எறிகிற வெறும் வாகனத் தரிப்பிடம். அக்காவின் பெறாமகள், அதுதான் தங்கச்சியின் மகள், அவரைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, "குட் லக்" என்று என்னிடம் சொன்னாள். அக்காவிடம் சொல்லவில்லை.

அக்காவுக்கு வாகனம் புதிதல்ல. காயப்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு உழவு மெஷினைக் கிடங்கும் பள்ளமுமான றோட்டில் ஷெல்லுக்கு நடுவே ஓட்டினவர். அதுதான் பிரச்சினையும்.

"எனக்கு ஓடத் தெரியும். நிப்பாட்டத்தான் பழகவேணும்" என்றார்.

உழவு மெஷினுக்குச் சிக்னல் இல்லை, லேன் இல்லை, பின்னால் வருகிறவன் ஹோர்ன் அடிக்க மாட்டான். இங்கே அவர் ஸ்ரொப் சைனில் நின்றால் நின்றதுதான். நாலு பக்கமும் பார்த்து, பற்றைகளைப் பார்த்து, மாடி ஜன்னல்களையும் பார்த்து, திருப்தி வந்த பிறகுதான் எடுப்பார். பின்னால் நாலைந்து கார் நிற்கும். ஒருவன் ஹோர்ன் அடித்தான். அக்கா கண்ணாடியில் அவனை ஒரு பார்வை பார்த்தார். அவன் கையெடுத்து மன்னிப்புக் கேட்டதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

ஆனால் பெரிய பிரச்சினை வேறு. நான் சொல்வதை அவர் கேட்கவே மாட்டார். "அக்கா, அடுத்ததில வலப்பக்கம் திரும்புங்கோ" என்பேன். நேரே போவார். "அக்கா, லேன் மாறுங்கோ." மாறமாட்டார். கத்தினால் மட்டும் திடுக்கிட்டுத் திரும்பி, "ஏன் கத்துறாய்?" என்பார். எனக்கு அதிசயமாக இல்லை. முகாமிலும் அவர் என்னை அப்படித்தான் நடத்தினார். கடைசி வருடங்களில் நான் பக்கத்தில் நடந்துகொண்டு ஏதாவது கேட்டால் பேசாமல் போவார். நடந்து போகும்போது என் தோளைப் பிடித்து மற்றப் பக்கத்துக்குத் தள்ளிவிடுவார். என் மூஞ்சை அவருக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்தேன். முன்னரணில் நடந்த ஒரு சண்டை நாளுக்குப் பிறகுதான் அது தொடங்கியது என்பதையும் கவனித்திருந்தேன்.

அந்த நாளைப் பற்றி நான் இங்கே யாருக்கும் சொன்னதில்லை. கட்லெட் வைத்து விளக்க முடியாத நாள் அது.

நாங்கள் முன்னரணில் இருந்தோம். நீளமான மண் அணை, அதற்குப் பின்னால் வெட்டிய பதுங்குகுழி, முன்னால் வெறும் வயல், அதற்கு அங்கால் ஆமி. சண்டை என்றால் எந்த நேரமும் சண்டை என்று ஆட்கள் நினைக்கிறார்கள். மாதக்கணக்காக அங்கே ஒன்றுமே நடக்கவில்லை. பேன் பார்த்தோம். மழை வந்தால் குழிக்குள் தண்ணீர் இறைத்தோம். காற்று எங்கள் பக்கம் அடித்தால் ஆமிக்காரரின் ரேடியோ கேட்கும். சிங்களப் பைலாப் பாட்டுப் போடுவார்கள். சுருட்டை குழிக்குள் குனிந்தபடியே ஆடுவாள். ஒருநாள் அக்கா வந்து பார்த்துவிட்டார். நாங்கள் உறைந்துபோய் நின்றோம். "காலடி பிழை" என்று சொல்லிவிட்டு அக்கா போய்விட்டார்.

அன்றைக்குக் காலையில் சாப்பாட்டுப் பொதி வந்தது. மீன்குழம்பு. எத்தனையோ கிழமைகளுக்குப் பிறகு மீன். சுருட்டை பொதியைத் திறக்காமலே மோந்து பார்த்து, "பாரை. தலைப்பக்கம் எனக்கு. ஒருத்தியும் கதைக்கக்கூடாது" என்றாள். அந்த நேரம் பார்த்து ஆமிக்காரன் ஷெல் அடிக்கத் தொடங்கினான்.

வானம் பிளந்தது, பூமி அதிர்ந்தது என்றெல்லாம் எழுதுவார்கள். எனக்கு வானமும் தெரியவில்லை, பூமியும் தெரியவில்லை. எனக்கு முன்னால் முடங்கிக் கிடந்தவளின் பின்பக்கம்தான் தெரிந்தது. வாய் நிறைய மண். மூளை வேலை செய்யவில்லை. என் ஒரு செருப்பைக் காணவில்லை என்பது மட்டும் பெரிய விசயமாகப் பட்டது. அது எனக்கு அளவான செருப்பு. அங்கே அளவான செருப்புக் கிடைப்பது லேசில்லை. மேலே மூடியிருந்த மரக்குற்றிகளுக்கு வெளியே, குழியின் திறந்த பக்கத்தில், அது கிடந்தது. நான் தவழ்ந்துபோய்க் கையை நீட்டினேன்.

அக்கா ஒவ்வொரு குழியாக ஓடி ஓடி ஆட்களைப் பார்த்துக்கொண்டு வந்தவர். எங்கள் வளைவுக்குத் திரும்பியபோது அவருக்குத் தெரிந்தது என் குண்டியும் என் செருப்பும்தான். ஒரு உதை விட்டார். நான் குட்டிக்கரணம் அடித்து மூடியிருந்த பக்கத்துக்குள் போய் விழுந்தேன். அடுத்து விழுந்த ஷெல் எங்களுக்குக் கிட்ட, அவருடைய வலப்பக்கத்தில். அவர் சுவரோடு சாய்ந்து கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு தலையை ஆட்டி மண்ணைத் தட்டிவிட்டு எழுந்தார். காயம் ஒன்றும் இல்லை. என்னை ஒருதரம் பார்த்தார். செருப்பைத் தூக்கி என் மேல் எறிந்தார்.

பிறகு ஆமி வந்தது. வயலில் பச்சைப் பச்சையாகப் பற்றைகள் நகர்ந்தன. எல்லோரும் சுட்டோம், நானும் சுட்டேன். யாருக்குப் பட்டதென்று தெரியாது. என் மகள் ஒருநாள், "அம்மா, டிட் யூ எவர்..." என்று தொடங்கிவிட்டு நிறுத்தினாள். தெரியாது என்றேன். தெரியாமல் இருப்பது எனக்குக் கிடைத்த சலுகை, அதை நான் கிண்டிப் பார்ப்பதில்லை. என் துவக்கு நடுவில் இறுகிப் போனது, செருப்பால் அடித்துத்தான் அதை இளக்கினேன். மத்தியானத்துக்கு முன்னம் அவர்கள் பின்வாங்கினார்கள்.

சத்தம் நின்றதும் பசித்தது. சாப்பாட்டுப் பொதி மண்ணுக்குள் போயிருந்தது. சுருட்டை கையால் கிண்டி எடுத்தாள். சோற்றில் பாதி மண். மீன் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் குடிதண்ணீர்க் கானைச் சரித்துக் கழுவினாள். என் செருப்புக் கதையை மற்றப் பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். நான் குட்டிக்கரணம் அடித்ததை நடித்துக் காட்ட எழும்பினாள். முழுதாக எழும்பவில்லை. தலை மட்டும் மண் அணைக்கு மேலே கொஞ்சம் தெரிந்திருக்கும்.

ஒரு வெடி. காய்ந்த தடி முறிகிற மாதிரி.

அவள் களைத்துப்போனவள் மாதிரி நிலத்தில் இருந்தாள். சாய்ந்தாள். செத்த மாதிரி நடிப்பது அவளுக்கு வழக்கம். "எழும்படி, தலை உனக்குத்தான்" என்று நான் சொன்னேன். மற்றவள் ஒருத்தி கத்தத் தொடங்கிய பிறகுதான் எனக்கு விளங்கியது.

அக்கா வந்தார். கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். கண்ணை மூடிவிட்டார். தன் மேல்சேட்டைக் கழற்றி முகத்தில் போட்டார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு அந்தச் சாப்பாட்டுப் பொதியை எடுத்தார். "சாப்பிடுங்கோ. பின்னேரம் திரும்ப வருவாங்கள்" என்றார்.

நான் அவருக்கு வலப்பக்கத்தில் இருந்தேன். "என்னால ஏலாது அக்கா" என்றேன். அவர் திரும்பவில்லை. "அக்கா, என்னால ஏலாது" என்று மறுபடி சொன்னேன். அவர் சோற்றை உருட்டி என் கையில் வைத்தார். என் முகத்தைப் பார்க்கவே இல்லை. நான் சாப்பிட்டேன். எல்லோரும் சாப்பிட்டோம். பல்லுக்குள் மண் நறுநறுத்தது. மீனின் தலைத் துண்டை ஒருவரும் தொடவில்லை. காகம் கொண்டுபோனது.

அவர்கள் பின்னேரம் வந்தார்கள், அக்கா சொன்ன மாதிரியே. சாப்பிட்டிருந்தபடியால் எங்களால் நிற்க முடிந்தது. அதையெல்லாம் பிறகு யோசித்து ஒத்துக்கொண்டேன். ஆனால் இரண்டு தரம் சொன்னேன், ஒருதரமாவது திரும்பிப் பார்த்திருக்கலாம் என்ற கோபம் என்னோடு விமானம் ஏறி ரொறன்ரோ வரைக்கும் வந்தது. மலேரியாவும் முழங்கால் காயமும் சேர்ந்து என்னை முன்னமே வீட்டுக்கு அனுப்பிவிட்டன. கல்யாணம் கட்டி இங்கே வந்தேன். அக்கா கடைசிவரை நின்று, பிடிபட்டு, தடுப்பு முகாமில் இருந்து, எல்லாம் முடிந்துதான் வந்தார். அதைப் பற்றி அவர் கதைப்பதில்லை, நான் கேட்பதும் இல்லை.

கார்ப் பாடம் கிழமைக்கணக்காக இழுபட்டது. ஒருநாள் அக்கா தங்கச்சி செய்த பலகாரங்களை யாருக்கோ கொடுக்க ஒரு பெரிய தட்டோடு வந்தார். தட்டை முன்சீற்றில் வைத்துப் பெல்ற்றும் போட்டுவிட்டார். "நீ பின்னால இரு" என்றார். பலகாரத்துக்கு என்னைவிட மரியாதை என்று புறுபுறுத்துக்கொண்டு அவருக்கு நேர் பின்னால், இடப்பக்க ஜன்னலோரம் இருந்தேன்; இந்த நாட்டுக் காரில் ஓட்டுகிறவர் இருப்பது இடப்பக்கம்.

"அக்கா, இடப்பக்கம்." திரும்பினார். "அடுத்ததில வலம்." திரும்பினார். "கொஞ்சம் மெதுவா." மெதுவாக்கினார். ஒரு பிழை இல்லை. பாரலல் பாக்கிங்கூட ஒருமாதிரி வந்தது. எனக்கு மண்டைக்குள் ஏதோ இடித்தது. நான் அப்படியே நகர்ந்து சீற்றின் வலப்பக்கத்துக்குப் போய், சாதாரணக் குரலில், "அக்கா, நீங்கள் ஒரு ராட்சசி" என்றேன்.

ஒரு அசைவும் இல்லை.

"பயிற்சி முகாமில உங்களுக்கு நாங்கள் வைச்ச பட்டப்பேர் சொல்லவோ?"

அக்கா கண்ணாடியைச் சரிசெய்தார்.

நான் மெல்ல இடப்பக்கத்துக்கு வந்தேன். "அக்கா."

"என்ன?"

"உங்கட வலக்காது கேக்காதோ?"

கார் நின்றது. நடுப் பாதையில் நின்றது. பிறகு அவரே ஓட்டி ஒரு ஓரமாக, இரண்டு கோடுகளுக்கும் நடுவில் கோணலாக நிறுத்தினார். எஞ்சினை அணைத்தார்.

"எப்ப இருந்து?" என்று கேட்டேன்.

"உன்ர செருப்பில இருந்து" என்றார்.

பிறகு அவரே சொன்னார். ஷெல் விழுந்த நேரம் ஏதோ கிழிந்த மாதிரி இருந்ததாம். பிறகு அந்தக் காதில் ஒன்றுமே இல்லையாம். யாருக்கும் சொல்லவில்லையாம். "சொன்னா என்னைக் கந்தோர் மேசையில கொண்டுபோய் இருத்தியிருப்பாங்கள். நான் கடித உறை ஒட்டவோ போனனான்?" இங்கே டொக்டரிடமும் சொல்லவில்லை. தங்கச்சிக்கும் தெரியாது. தங்கச்சி எப்போதும் கத்தித்தான் கதைக்கிறவ, அதனால் பிரச்சினை இல்லை என்றார்.

"நான் நினைச்சன் நீங்கள் என்னோட கோவம் எண்டு. நான் கதைச்சா மறுமொழி இல்லை. பக்கத்தில வந்தாத் தள்ளி விடுவியள்."

"கேக்கிற பக்கத்துக்குத் தள்ளினனான்."

"கோவம் இல்லையோ?"

"அதுவும் இருந்தது."

நான் கேட்காமல் விட்டிருக்கலாம். ஆனால் கேட்டேன். "அவள் செத்துக் கிடந்த நேரம், நீங்கள் சாப்பிடச் சொன்னியள். நான் ஏலாது எண்டு ரெண்டு தரம் சொன்னன். உங்களுக்குக் கேக்கேல்லையோ?"

அக்கா முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிளாசாக் கடைக்காரன் ஒருவன் பெட்டிகளை மிதித்துத் தட்டையாக்கிக்கொண்டிருந்தான்.

"கேக்கேல்ல" என்றார். பிறகு, "கேட்டிருந்தாலும் சாப்பிடத்தான் சொல்லியிருப்பன்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கத் தொடங்கி அது எங்கேயோ அழுகையாக மாறிவிட்டது. அக்கா பின்னால் திரும்பவில்லை. முன்சீற்றுத் தட்டிலிருந்து ஒரு பயற்றம்பணியாரத்தை எடுத்துத் தலைக்கு மேலால் பின்னுக்கு நீட்டினார். "அவள் இருந்திருந்தா இந்தத் தட்டு முழுக்க முடிச்சிருப்பாள்" என்றார். தானும் ஒன்று எடுத்தார். யாருக்கோ கொண்டுபோக வைத்திருந்த பலகாரத்தில் கால்வாசியை அங்கேயே இருந்து தின்றோம். பெட்டி மிதித்தவன் எட்டிப் பார்த்து, ஓகேயா என்று கைவிரலால் கேட்டான். அக்கா அவனுக்கும் ஒன்று கொடுத்தார்.

இனி ரெஸ்ற். பரீட்சகர் இருப்பது வலப்பக்கம். இரண்டு தரமும் அவர் சொன்ன ஒன்றுமே அக்காவுக்குக் கேட்டிருக்காது. அக்கா பாட்டுக்குத் தன் விருப்பப்படி ஊரைச் சுற்றிக் காட்டிவிட்டுக் கொண்டுவந்து விட்டிருக்கிறார். காது கேட்காதவர்களும் இந்த நாட்டில் கார் ஓடலாம், முன்னமே சொன்னால் போதும் என்று விளக்கினேன்.

"என்ர காது அவனுக்கு என்னத்துக்கு?"

"அக்கா, சொல்லாட்டி மூண்டாம் தரமும் பெயில்."

"பெயில் விட்டா விடட்டும்."

அப்போது என் வாயிலிருந்து முகாமில் கட்டளையிடுகிற பாஷை வந்துவிட்டது. "அக்கா, இது ஓடர்."

மெதுவாகத் திரும்பினார். "ஆர் ஆருக்கு?"

நான் கண்ணை எடுக்கவில்லை. கடைசியில் அவர், "சரி" என்றார். என் வாழ்க்கையில் நான் வென்ற ஒரே சண்டை அது.

ரெஸ்ற் நாளில் நான் லைசன்ஸ் கந்தோருக்குள் பிளாஸ்ரிக் கதிரையில் இருந்தேன். முன்னரணில் காவல் இருந்த மாதிரிக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அக்காவோடு காரில் போன பரீட்சகர் ஒரு இளம் பெண். திரும்பி வந்தபோது அந்தப் பெண் முன்னால் வேகமாக நடந்து வந்தாள், அக்கா பின்னால் சாவகாசமாக. முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. அக்காவின் முகத்தில் எப்போதுதான் கண்டுபிடித்தோம்.

"பாஸ்" என்றார்.

"காது விசயம் சொன்னீங்களோ?"

"சொன்னன். காதைத் தொட்டு, திஸ் இயர் டெட், யூ ஷோ ஹாண்ட் எண்டன். கையால காட்டினாள். ஆனா வடிவாக் காட்டத் தெரியேல்ல. மடிக்குள்ள வைச்சுக் காட்டினா ஆருக்குத் தெரியும்? கையை உயத்திப் பிடி, விரலைச் சேர் எண்டு ரெண்டு தரம் திருத்தினன். பிறகு பரவாயில்லை."

அந்தப் பெண் கவுண்டருக்குப் பின்னாலிருந்து என்னைப் பார்த்து, "ஷீ இஸ் வெரி ஸ்ட்ரிக்ட்" என்றாள். நான் அவளைப் பார்த்துத் தலையாட்டினேன். அவளுக்கு முதிரைக் குற்றி கிடைக்காமல் போனது அவள் அதிர்ஷ்டம்.

ஹைவேக்கு இப்போதைக்குப் போகவேண்டாம், முதலில் மார்க்கத்துக்குள் ஓடிப் பழகுங்கள் என்று நான் எத்தனையோ தரம் சொல்லியிருந்தேன். இடக்காதுப் பக்கம் நின்றுதான் சொன்னேன். அடுத்த கிழமை நான் பஸ்ஸைப் பள்ளிக்கூட வாசலில் போட்டுவிட்டுப் பிள்ளைகள் வெளியே வரும்வரை காத்திருந்த நேரம் போன் அடித்தது.

"எங்க அக்கா நிக்கிறியள்?"

"தெரியேல்ல. முன்னால பெரிய தண்ணி. கடல் மாதிரி. ஆனா உப்பில்லை."

"உப்பில்லை எண்டு எப்பிடித் தெரியும்?"

"குடிச்சுப் பாத்தன்."

"அது ஏரி அக்கா. ஹைவேயில போனீங்களோ?"

"பின்ன? எல்லாரும் போறாங்கள், நான் மட்டும் நிண்டு பாக்கிறதோ?"

"திரும்பி வர வழி தெரியுமோ அக்கா?"

"வந்த வழிதான். மற்றப் பக்கம் பாத்து ஓடினாச் சரி."

மணி அடித்தது. பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடிவந்து ஏறத் தொடங்கினார்கள். "ஆரடி உவங்கள்? வரிசையில வரச் சொல்லு" என்று போனுக்குள் அக்கா சொன்னார். நான் கதவடியில் நின்று சொன்னேன். அவர்கள் ஒருவரையொருவர் பையால் இடித்துத் தள்ளிக்கொண்டு, சப்பாத்துச் சேற்றை எல்லாப் படியிலும் அப்பிக்கொண்டு ஏறினார்கள்.